கதை கேட்டவர் கடன்

அரபு மொழியில் 'ரிவாயத்' என்றொரு சொல் உண்டு. ஒருவரிடம் கேட்டதை மற்றொருவருக்கு எடுத்துரைத்தல் என்பது அதன் வழக்குப் பொருள். நபிமொழிகளை அறிவித்தோரை 'ராவி' என அழைப்பதும் இச்சொல்லின் அடியாகவே. பழைய அரபியில் இதன் வேர் தண்ணீர் கொண்டு வருதலைக் குறித்தது. தோற்பையில் நீர் சுமந்து வரும் ஒட்டகத்துக்கு 'ராவியா' என்று பெயர். கவிஞனின் பாடல்களை நெஞ்சில் சுமந்து ஊர் ஊராகச் சென்று ஓதியவனுக்கும் பின்னர் அதே பெயர் வழங்கலாயிற்று. நீர் சுமந்து வருகிறவன், அந்நீர் எந்தக் கிணற்றில் மொண்டது என்பதையும் அறிந்திருப்பான்; கேட்டால் சொல்லவும் செய்வான்.

சிறு பிள்ளைகளுக்குக் கதைகளின் வாயிலாகப் பிற மக்களின் வாழ்வைக் கற்பிக்கும் முறை இன்று பல நாடுகளின் தொடக்கப் பள்ளிகளில் பரவியிருக்கிறது. அவற்றுள் ஆப்பிரிக்கக் கதைகளுக்குத் தனி இடம் உண்டு. தந்திரச் சிலந்தியும், குறும்புக்கார முயலும், பேராசை பிடித்த ஆமையும், ஏமாந்து போகும் கழுதைப்புலியும் குழந்தைகளின் மனத்தை எளிதிற் கவர்ந்துவிடுகின்றன. ஆசிரியர் கதை சொல்கிறார். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். பிறகு அட்டையில் முகமூடி வெட்டி வண்ணம் தீட்டுகிறார்கள். ஆப்பிரிக்கப் பண்பாடு கற்பித்தாயிற்று என்று பாடக் குறிப்பில் எழுதப்படுகிறது.

முயற்சி நல்ல முயற்சியே. எட்டு வயதுப் பிள்ளைக்கு மக்கள் தொகையும் ஏற்றுமதிப் பொருள்களும் தருகிற அறிவைவிட ஒரு கதை தருகிற அறிவு ஆழமானது. ஆயினும் இதனுள் ஓர் அறவினா அடங்கிக் கிடக்கிறது. ஒரு மக்களின் கதையை எடுத்து நம் பிள்ளைகளை மகிழ்விக்கும்போது, அம்மக்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் யாதேனும் உண்டா? அல்லது காற்றைப் போலவும் வெயிலைப் போலவும் கதையும் எல்லார்க்கும் பொதுவானதா? இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

'அனைவரும்' என்று பெயர் சூடிய ஆமை

நைஜீரிய நாட்டின் தென்கிழக்கே வாழும் இக்போ மக்களிடம் ஓர் ஆமைக் கதை வழங்குகிறது. சினுவா அச்செபே 1958-இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நாவலில், ஒரு தாய் தன் மகளுக்கு இரவில் சொல்லும் கதையாக இதனை அமைத்திருக்கிறார். அக்கதையின் சுருக்கம் இது:

பஞ்ச காலம். பறவைகளுக்கு மட்டும் வானுலகில் ஒரு விருந்துக்கு அழைப்பு வந்தது. பட்டினியால் மெலிந்திருந்த ஆமை பறவைகளிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒவ்வொன்றிடமும் ஓர் இறகு வாங்கி, இரண்டு சிறகுகள் செய்துகொண்டது. புறப்படுமுன் ஆமை ஒரு வழக்கத்தை எடுத்துரைத்தது. பெரும் விருந்துக்குப் போகிறவர்கள் புதுப் பெயர் சூடிக்கொள்ள வேண்டுமாம். ஒவ்வொரு பறவையும் ஒரு பெயர் சூடிக்கொண்டது. ஆமை சூடிக்கொண்ட பெயரோ 'நீங்கள் அனைவரும்' என்பது. வானுலகில் விருந்து படைக்கப்பட்டது. "இவ்வளவும் யாருக்கு?" என்று ஆமை கேட்டது. "உங்கள் அனைவருக்கும்" என்றனர் விருந்தளித்தோர். அது தன் பெயர் என்று சொல்லி ஆமை வயிறு புடைக்கத் தின்றது. பறவைகளுக்கு எஞ்சியது எச்சிலே. சினமுற்ற பறவைகள் தத்தம் இறகுகளைப் பறித்துக்கொண்டு பறந்தன. தன் வீட்டிலுள்ள மெத்தென்ற பொருள்களையெல்லாம் முற்றத்தில் பரப்பி வைக்குமாறு மனைவியிடம் கூறும்படி ஆமை கிளியை வேண்டிற்று. கிளியோ கடினமான பொருள்களைப் பரப்பச் சொல்லிற்று. மேலிருந்து குதித்த ஆமையின் ஓடு துண்டு துண்டாயிற்று. வைத்தியன் ஒட்டிய ஒட்டுத்தான் இன்றும் ஆமையின் முதுகில் காண்பது.

இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, பேராசை பெருநட்டம் என்று நீதி கூறி முடிப்பது வழக்கம். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. எல்லாரையும் குறிக்கும் ஒரு பெயரைச் சூடிக்கொண்டவன் எல்லாருடைய பங்கையும் உண்டுவிடுகிறான். 'ஆப்பிரிக்கக் கதை' என்னும் பெயரும் அத்தகையதே. ஆப்பிரிக்கா இந்தியாவைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு பரப்புடைய கண்டம். ஐக்கிய நாடுகள் அவையில் அதற்கு 54 உறுப்பு நாடுகள் உள்ளன. அங்கு வழங்கும் மொழிகளோ ஏறத்தாழ 2000. இக்போ தாயின் ஆமையும், அஷாந்திக் கிழவரின் சிலந்தியும், ஊலோப் பாணரின் முயலும், சான்சிபார்த் தீவினரின் குரங்கும் 'ஆப்பிரிக்கக் கதை' என்ற ஒற்றைப் பெயருக்குள் விழுந்தவுடன், அந்தப் பெயர் அத்தனை பேருடைய பங்கையும் உண்டுவிடுகிறது. பிள்ளையின் மனத்தில் எஞ்சுவது ஒரு காடும், சில விலங்குகளும், முகமற்ற சில மனிதர்களும்.

தெலுங்கு நாட்டுக் கதையையும் பஞ்சாபிக் கதையையும் காஷ்மீரத்துக் கதையையும் கலந்து 'ஆசியக் கதை' என்று ஒருவர் பெயரிட்டால் நாம் ஒப்புவோமா? ஒப்பமாட்டோம். நமக்குரியதைக் கேட்கும்போது நாம் நுட்பமானவர்களாகவும், பிறர்க்குரியதைச் சொல்லும்போது பொதுவானவர்களாகவும் இருப்பது நீதியாகாது.

சொன்னவர் யார்?

மதரஸாக்களில் ஓதியோர் அறிவர்: ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் அதன் 'இஸ்னாதை', அதாவது அறிவித்தோரின் தொடரைக் கேட்பது நம் அறிஞர்கள் வகுத்த நெறி. யார் சொன்னார்? அவர் யாரிடம் கேட்டார்? இந்நெறி நபிமொழிக்கென்றே கடுமையாக வகுக்கப்பட்டது. பொழுதுபோக்குக் கதைக்கு அவ்வளவு கடுமை வேண்டியதில்லை. எனினும் அதன் உள்ளீடான பண்பு கதைக்கும் பொருந்தும். பெற்றது எவரிடமிருந்து என்பதை மறவாதிருத்தலே அப்பண்பு.

ஆப்பிரிக்கக் கதைசொல்லிகள் இதனை நம்மிடம் கற்க வேண்டிய நிலையில் இல்லை. மாலி நாட்டுப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் வரலாற்றுக் காவியத்தை, கினி நாட்டு வரலாற்றறிஞர் ஜிப்ரில் தம்சீர் நியானே 1960-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அதை அவருக்குச் சொன்னவர் மமாது கூயாத்தே என்னும் பாணர். அப்பாணர் கதையை எடுத்தவுடனே தொடங்கவில்லை. தம் பெயரையும், தம் பெற்றோரின் பெயரையும், தம் குலத்தையும், இந்தக் கல்வியைத் தந்தையிடமிருந்தும் தந்தை அவருடைய தந்தையிடமிருந்தும் பெற்ற முறையையும் உரைத்த பின்னரே மன்னனின் கதைக்குள் நுழைகிறார். இதனைப் படிக்கும் மதரஸா மாணவர் எவரும் வியக்காதிருக்க முடியாது.

செனகல் நாட்டவரான பிராகோ ஜோப் கால்நடை மருத்துவர். தம் குடும்பத்துப் பாணர் அமாது கும்பாவிடம் கேட்ட கதைகளை அவர் 1947-இல் நூலாக்கியபோது, தம் பெயரை ஆசிரியர் என்ற இடத்தில் இட்டாலும், நூலின் தலைப்பிலேயே 'அமாது கும்பாவின் கதைகள்' என்று பொறித்துவிட்டார். நீர் சுமந்தவர் கிணற்றை மறைக்கவில்லை.

இனி இதன் மறுபக்கத்தையும் காண்போம். ஆங்கிலேய அதிகாரியாக மேற்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய ரேட்ரே, ஹவுசா மக்களின் கதைகள், வழக்கங்கள், பழமொழிகள் ஆகியவற்றை 1913-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அக்கதைகளை ஹவுசா மொழியில் அரபு எழுத்தில் எழுதித் தந்தவர் மாலம் ஷைகு என்னும் அறிஞர். 'மாலம்' என்பது நாம் 'முஅல்லிம்' என்கிற அதே சொல். அவருடைய கையெழுத்துப் பக்கங்கள் அந்நூலிலேயே அச்சாகியுள்ளன. ரேட்ரே அவர் பெயரை மறைக்கவும் இல்லை. ஆனால் அட்டையில் நின்றது ரேட்ரேயின் பெயர். நூலகங்களில் வழங்குவதும் அப்பெயரே. எழுதியவர் உள்ளே ஒதுங்கினார். தொகுத்தவர் வெளியே நின்றார்.

நம் வாசகர்க்கு இங்கே ஓர் உறவும் புலப்படும். ஹவுசா, புலானி, ஊலோப், சுவாஹிலி முதலிய மொழிகளை அவற்றுக்குரிய மக்கள் நெடுங்காலம் அரபு எழுத்தில் எழுதி வந்தனர். அம்முறைக்கு 'அஜமி' என்று பெயர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அறபுத்தமிழும் அதே வகையானது. ஆகவே, ஆப்பிரிக்கர்க்கு வாய்மொழிக் கதையன்றி எழுத்தே கிடையாது என்று ஒரு பாடநூல் கூறுமாயின், அது பொய் என்று முதலில் சொல்லத் தக்கவர்கள், பாட்டிமார் பெட்டியில் அறபுத்தமிழ் ஏடுகளைக் கண்ட நம்மவர்களே.

கதையை வைத்துக்கொண்டு மக்களைத் தள்ளிவிடுவதன் கொடுமையை அமெரிக்க நாட்டில் காணலாம். அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தங்கள் முயல் கதைகளையும் நெஞ்சில் கொண்டு சென்றனர். அவற்றைக் கேட்டுத் தொகுத்த ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்னும் வெள்ளையர் 1880-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் கதை சொல்பவர் 'ரீமஸ் மாமா' என்னும் கற்பனைக் கிழவர். பழைய எசமானர் வீட்டுச் சிறுவனுக்கு அன்போடு கதை சொல்லும் முதிய வேலைக்காரர். அடிமை வாழ்வே இனிய வாழ்வாய் இருந்தது போன்ற தோற்றம் அந்நூலில் எழுந்தது. குழந்தைகள் முயலைக் கண்டு சிரித்தனர். அந்த முயலைப் படைத்தவர்களின் கால்களில் கிடந்த விலங்கை அவர்கள் காணவில்லை. வலியவரிடையே அகப்பட்ட எளிய உயிர் அறிவால் பிழைப்பதே அக்கதைகளின் உயிர்நிலை. அதைச் சொன்னவரின் நிலையை மறைத்தால் கதையின் பொருளும் மறைந்தே போகும்.

கதை எல்லார்க்கும் பொதுவன்றோ?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். கதைக்கு ஏது சொந்தக்காரர்? அது நாடு விட்டு நாடு செல்வது. எவர் வாயில் புகுகிறதோ அவருடையதாவது. அதற்குப் பட்டா எழுதிக் கேட்பது முறையா?

இம்மறுப்பு வலியது. இதற்கு விடை காண ஒரு சுவாஹிலிக் கதையையே சான்றாகக் கொள்வோம். எட்வர்டு ஸ்டீயர் என்னும் பாதிரியார் சான்சிபார்த் தீவில் கேட்டு 1870-இல் அச்சிட்ட கதைகளுள் 'கிஸா சா புண்டா வா தோபி' என்பது ஒன்று. வண்ணானுடைய கழுதையின் கதை என்பது பொருள்.

கடலோரத்து அத்தி மரத்தில் வாழ்ந்த குரங்கு ஒன்று ஒரு சுறாவுக்கு நாள்தோறும் பழம் பறித்துப் போட்டது. நன்றி காட்டுவதாகச் சொல்லிக் குரங்கை முதுகில் ஏற்றிச் சென்ற சுறா, பாதி வழியில், தங்கள் சுல்தானின் நோய்க்குக் குரங்கின் இதயமே மருந்து என்றது. குரங்கு அஞ்சவில்லை. முன்பே சொல்லியிருந்தால் கொண்டு வந்திருப்பேனே, நாங்கள் இதயத்தை மரத்தில் வைத்துவிட்டன்றோ புறப்படுவது என்றது. சுறா திரும்பிற்று, குரங்கு மரமேறிக்கொண்டது. மீண்டும் அழைத்த சுறாவிடம், நான் என்ன வண்ணானுடைய கழுதையா என்று கேட்டு, காதும் இதயமும் இல்லாத கழுதையின் கதையைச் சொல்லிற்று. சிங்கத்திடம் ஒருமுறை தப்பியும் மறுமுறை ஏமாந்து சென்று மாண்ட கழுதை அது. அதன் காதையும் இதயத்தையும் தின்றுவிட்ட முயல், அவை அதற்கு இருந்திருந்தால் திரும்பி வந்திருக்குமா என்று சிங்கத்தைக் கேட்டதாம்.

இதைக் கேட்டவுடன் நம் பிள்ளைகள், இது நாவல் மரத்துக் குரங்கும் முதலையும் அல்லவா என்பார்கள். ஆம், அதுவே. பஞ்சதந்திரத்தில் முதலை, ஈராக்கில் வாழ்ந்த இப்னுல் முகப்பஃ எட்டாம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து அரபியாக்கிய 'கலீலா வ திம்னா'வில் ஆமை, சான்சிபாரில் சுறா. கழுதைக் கதையும் பஞ்சதந்திரத்தில் குரங்குக் கதைக்குள்ளேயே பொதிந்திருப்பது. சுவாஹிலித் தலைப்பையே நோக்குங்கள். 'கிஸா' அரபிச் சொல். நம் புலவர்கள் 'கிஸ்ஸா' என்று ஓர் இலக்கிய வகைக்கே பெயரிட்டது அச்சொல்லால். 'புண்டா' ஆப்பிரிக்க மண்ணின் சொல். 'தோபி' இந்தியச் சொல். சென்னையில் 'டோபி' என்றால் அறியாதார் இல்லை. மூன்று சொல்லில் ஒரு பெருங்கடலின் வணிகமே அடங்கிவிட்டது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாது? கதை பயணம் செய்கிறது என்பது உண்மை. ஆனால் அது சென்ற வழியை அறிந்ததனால் கதையின் இனிமை குறைந்ததா, கூடிற்றா? முதலையைச் சுறாவாக்கியவர் கடலை அறிந்தவர். இதயத்தைக் கேட்டவரைச் சுல்தானாக்கியவர் சுல்தான்களின் ஆட்சியில் வாழ்ந்தவர். கைமாறிய ஒவ்வோரிடத்திலும் ஒரு மக்கள் தம் வாழ்வில் சிறிதை அதில் வைத்தனுப்பியிருக்கின்றனர். பொதுச் சொத்து என்பது உரிமையாளர் இல்லாத சொத்து அன்று. பலர் உழைத்துச் சேர்த்த சொத்து. பலர் கை பட்டதாயின், பலருக்கும் நன்றி சொல்லும் கடன் மிகுமேயன்றிக் குறையாது.

எட்டு வயதுக்கு இத்தனை பாரமா?

மற்றொரு மறுப்பும் உண்டு. இவையெல்லாம் பெரியோர்க்கான ஆராய்ச்சி. குழந்தைக்கு வேண்டியது கதை மட்டுமே என்பர் சிலர். இதனைப் பள்ளியில் பாடம் நடத்துவோர் சொல்லும்போது நாம் மதித்துக் கேட்க வேண்டும். இடையிடையே நிறுத்தி விளக்கவுரை கூறுகிற ஆசிரியர் கதையைக் கொன்றுவிடுகிறார். செத்த கதை எந்தப் பண்பாட்டையும் கற்பிக்காது.

எனவே அளவு அறிதல் வேண்டும். மாலி நாட்டின் அமாது ஹம்பாத்தே பா புலானி மக்களின் ஞானக் கதைகளைப் பதிவு செய்த பெரியார்; சூஃபி ஆசான் தியர்னோ போக்காரின் மாணவர். அவர் வெளியிட்ட 'கைதாரா' என்னும் கதை, தன்னைப் பற்றித் தானே ஒன்று கூறித் தொடங்குகிறது. நிலவொளியில் விளையாடும் சிறுவர்க்கு அது விந்தைக் கதை. குளிர்கால நீண்ட இரவில் நூல் நூற்கும் பெண்டிர்க்கு இனிய பொழுதுபோக்கு. வயதேறிய அனுபவசாலிகளுக்கோ மறைபொருள் திறக்கும் அறிவு என்பது அதன் கருத்து. ஒரே கதை, மூன்று வாசல்கள். குழந்தை முதல் வாசலில் நுழையட்டும். மற்ற இரண்டையும் சுவர் வைத்து அடைத்துவிடாதிருப்பதே ஆசிரியரின் கடமை.

அதற்குப் பெரும்பாடு பட வேண்டியதில்லை. கதைக்கு முன் இரண்டு வாக்கியம் போதும். இது கானா நாட்டு அஷாந்தி மக்களின் கதை. அவர்கள் இருட்டிய பிறகே இதைச் சொல்வார்கள். நிலப்படத்தில் அந்த இடத்தை ஒரு பிள்ளை விரலால் தொடட்டும். பிறகு அம்மக்கள் எப்படித் தொடங்குவார்களோ அப்படியே தொடங்குவோம். அஷாந்திக் கதைசொல்லி, தாம் சொல்லப் போவதை மெய்யென்று கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே அறிவித்துவிடுவார். சுவாஹிலி நாட்டில் சொல்பவர் ஒரு சொல்லை எழுப்ப, கேட்போர் மறு சொல்லால் எதிரொலித்த பின்னரே கதை புறப்படும். அம்மொழியில் கதைக்கு வழங்கும் பெயர்களுள் 'ஹதீதி' என்பதும் ஒன்று. அதுவும் நம் காதுக்குப் பழகிய அரபிச் சொல்லே. இவ்வாறு தொடங்கும்போது, கேட்பவர்க்கும் கதையில் பங்கு உண்டு என்னும் அவர்களுடைய மரபைப் பிள்ளை உரை கேளாமலே உணர்ந்துகொள்கிறது.

அஷாந்தியரின் அந்த முன்னறிவிப்பு நம் பெற்றோர் சிலரின் ஐயத்தையும் தீர்க்க உதவும். சிலந்தி அனான்சி பொய் சொல்கிறான், ஏமாற்றுகிறான். இவனை ஏன் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் வினா. கதைகளெல்லாம் வானத்துக்குரிய நியாமேயிடம் இருந்தனவாம். மலைப்பாம்பையும் சிறுத்தையையும் குளவிக் கூட்டத்தையும் பிடித்துத் தந்தால்தான் விற்பேன் என்றானாம். சிறு சிலந்தி தன் சூழ்ச்சியால் அவற்றைப் பிடித்துக் கொடுத்துக் கதைகளை வாங்கிற்றாம். இது சமயக் கொள்கையன்று. நடந்ததாகச் சொல்லப்படுவதும் அன்று. அதைச் சொல்லும் மக்களே முதலில் அவ்வாறு அறிவித்துவிடுகின்றனர். அனான்சி தோற்று நாணி ஒளிந்த கதைகளும் அவர்களிடம் ஏராளம். கதையில் வருகிறவன் எல்லாம் வழிகாட்டி அல்லன் என்று பிரித்தறியக் கற்பதும் பிள்ளைக்கு ஒரு கல்வியே. அந்தச் சிலந்தி அடிமைக் கப்பல்களில் கடல் கடந்து ஜமைக்காவிலும் குடியேறியவன் என்பதைப் பிள்ளை சற்று வளர்ந்த பின் அறியும்போது, சிறு வயதில் தான் சிரித்த சிரிப்பின் ஆழம் அதற்கு விளங்கும்.

முகமூடி வெட்டும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். மாலி நாட்டு தோகோன் மக்களிடம் முகமூடி என்பது இறந்தோர்க்குரிய சடங்கில் அணியப்படுவது. நம் சமயக் கொள்கை அதனை ஏற்பதில்லை என்பது வேறு. ஒருவர் இழவுக்கு அணிவதை நாம் விளையாட்டுக்கு அணியலாமா என்பது பண்பு பற்றிய கேள்வி. முகமூடிக்குப் பதிலாகப் பிள்ளைகள் அந்த அத்தி மரத்தையும் கடலையும் வரையட்டுமே.

நூல் எழுதுவோர்க்கு ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த செனகலில், லியோபோல்து செங்கோரும் ஆசிரியர் அப்துலாயி சாஜியும் சேர்ந்து 1953-இல் தொடக்க வகுப்புகளுக்கென்று 'முயல் லியூக்கின் அழகிய கதை' என்னும் வாசக நூலை எழுதினர். மிருகங்கள் கூடி, தம்முள் எல்லாருக்கும் இளையதே அறிவிற் சிறந்தது என்று முடிவு செய்கின்றன. ஒவ்வொன்றும் தான் எப்போது பிறந்தது என்று கூற, மரத்தின் மேலிருந்த லியூக், "இதோ, இப்பொழுதுதான் பிறக்கிறேன்" என்று சொல்லிக் குதித்துவிடுகிறது. ஆள்வோரின் நாட்டைப் பற்றியே பாடம் படித்துப் பழகிய பிள்ளைகளுக்குத் தங்கள் பாட்டி சொன்ன முயல் பாட நூலிலேயே வந்து நின்றது. மொழி மட்டும் ஆள்வோருடையதாகவே இருந்தது. செங்கோர் 1960-இல் விடுதலை பெற்ற செனகலின் முதல் குடியரசுத் தலைவரானார். சிறுவர்க்கான முயல் கதையைச் சிறிய வேலையென்று அவர் எண்ணவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ளலாம்.

நம் இல்லங்களில்

நம் குழந்தைகள் முதன்முதலில் அறியும் ஆப்பிரிக்கர் பெரும்பாலும் ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களே. பாலை மணலில் நெஞ்சின் மீது பாறை ஏற்றப்பட்டும் தளராத அவர்களின் உறுதியைக் கேட்டு நம் பிள்ளைகள் கண்கலங்குகின்றனர். அத்தோடு நிறுத்திவிட்டால், ஹபஷி என்றால் அடிமை என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் தங்கிவிடக்கூடும். கி.பி. 615-இல் மக்காவிலிருந்து துன்புறுத்தப்பட்டு வந்த முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்து, அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்த மன்னர் நஜாஷியும் அதே ஹபஷா நாட்டவர்தாம். அங்கே கையேந்தி நின்றவர்கள் அரபிகள், கொடுத்தவர் ஆப்பிரிக்கர். இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதே முழுமையாகும்.

பெரியோர்க்கும் இதில் படிப்பினை உண்டு. உலகம் சுற்றிய இப்னு பதூதா 1352-இல் மாலி நாட்டு அரசவைக்குச் சென்றார். பெருநாள் அன்று அந்நாட்டுப் பாணர்கள் இறகு உடையும், சிவந்த அலகுள்ள மரத்தலையும் அணிந்து, பறவை வடிவில் மன்னர் முன் வந்து நின்றதைக் கண்டு, அது நகைப்புக்குரிய கோலம் என்று எழுதினார். ஆனால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் கேட்டறிந்து எழுதி வைத்தார். இந்த இருக்கையில் முன்பு இன்னின்ன மன்னர் அமர்ந்தனர், இன்னின்ன நன்மை செய்தனர்; நீயும் உனக்குப் பின் பேசப்படும் நன்மையைச் செய் என்பதே அவர்கள் மன்னருக்குக் கூறியது. கோலத்தைக் கண்டு சிரித்ததோடு அவர் நின்றிருந்தால் இந்த அறிவுரை நமக்குக் கிட்டியிராது. வகுப்பறையில் கோலம் மட்டும் கற்பிக்கப்படுகிறதா, சொல்லும் கற்பிக்கப்படுகிறதா என்று ஒவ்வோர் ஆசிரியரும் தம்மைக் கேட்டுக்கொள்ளத் தக்கது.

மக்கள் பல கிளையினராகவும் கோத்திரத்தினராகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று திருமறையின் 49-ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. அறிதல் என்பதை நாம் பெரும்பாலும் அவர்களைப் பற்றி அறிதல் என்று கொண்டுவிடுகிறோம். அவர்களிடமிருந்து அறிதல் என்பதும் அதனுள் அடங்கும். ஆப்பிரிக்கரைப் பஞ்சத்தின் படங்களில் மட்டுமே கண்டு வளரும் பிள்ளை அவர்கள் மீது இரக்கம் கொள்ளும். கோமாளிக் கதைகளில் மட்டுமே கண்டு வளரும் பிள்ளை அவர்களைக் கண்டு சிரிக்கும். இரக்கத்திலும் சிரிப்பிலும் நாம் மேலே நிற்கிறோம், அவர்கள் கீழே நிற்கின்றனர். கதையை அதற்குரியவர் பெயரோடு கேட்கும் பிள்ளையோ அவர் முன் மாணவனாய் அமர்கிறது. ஓர் எழுத்தைக் கற்றுத் தந்தவருக்கும் மரியாதை உண்டு என்பது நம் ஓதும் பள்ளிகளின் மரபு. கதை கற்றுத் தந்தவருக்கு அது இல்லாமற் போகுமா?

ஆகவே, பிள்ளைகளுக்கு இரவில் கதை சொல்லும் தாய்மாரும், பள்ளியில் கதை சொல்லும் ஆசிரியப் பெருமக்களும், ஆமை விழுந்து ஓடு உடைந்ததைச் சொல்லி முடித்தபின் ஒரு நொடி பொறுத்து, இது நைஜீரியாவில் இக்போ தாய்மார் தம் மக்களுக்குச் சொல்லும் கதை என்று சேர்த்துச் சொல்ல வேண்டுகிறோம். அடுத்த இரவு வேறொரு கதையைத் தொடங்கும்போது, "இதை யார் சொன்னாங்க?" என்று பிள்ளை தானாகவே கேட்குமாயின், கற்பிக்க வேண்டியதில் பெரும்பகுதி கற்பிக்கப்பட்டுவிட்டது எனலாம்.